வால்வுகள் தம் நேரத்தை மாற்றிக்கொள்வது எப்படி

பினாங்குப் பாலத்தில் காலை நெரிசலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் கார்களின் பின்பக்கத்தைப் படிப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. பல கார்களில் 'விவிடி-ஐ', 'டிவிவிடி', 'விடெக்' என்று ஏதாவது ஓர் எழுத்துக் கூட்டம் மின்னிக்கொண்டிருக்கும். இந்த எழுத்துகள் வேகத்தின் முத்திரை என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது; அந்த வசதியே இல்லாத காரிலும் கடையில் வாங்கிய ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. மாறும் வால்வு நேரம் என்னும் இந்த நுட்பத்தின் பெரும்பயன் வேகத்தில் இல்லை என்றும், நெரிசலில் ஊர்வது, பாலத்தின் 80 கிலோமீட்டர் வரம்புக்குள் ஒரே சீராகப் போவது, மேட்டில் திணறாமல் ஏறுவது ஆகிய அன்றாட வேலைகளில்தான் இருக்கிறது என்றும் நான் நினைக்கிறேன். அதை விளக்க எஞ்சினின் மூச்சிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முழுச் சுழற்சி முடிவதற்கு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை, அதாவது 720 பாகை, சுற்றுகிறது. அதே காலத்தில், கேம் எனப்படும் மேடுகளால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், கிராங்க்கோடு சங்கிலியால் இணைந்து, ஒரே ஒரு முறை சுற்றுகிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர உள்ளிழு வால்வு, எரிந்த புகை வெளியேற வெளியேற்று வால்வு. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கும்போது உள்ளிழு வால்வு திறந்து, கீழ் எல்லையைத் தொட்டதும் மூடிக்கொள்ளும் என்றுதான் பள்ளிப் பாடநூல் படம் காட்டும். உண்மையான எஞ்சின் எதுவும் அப்படி ஓடுவதில்லை. உள்ளிழு வால்வு பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்குச் சற்று முன்பே திறந்துவிடும். பிஸ்டன் கீழ் எல்லையைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் பல பாகைகள் வரை திறந்தே இருக்கும்.

காரணம், காற்றுக்கும் எடை உண்டு. வால்வு மொத்தம் 240 பாகை திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 800 சுற்றில் அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 50 பங்கு நேரம் திறந்திருக்கிறது. 6000 சுற்றிலோ ஆயிரத்தில் ஏழு பங்குக்கும் குறைவான நேரமே கிடைக்கிறது. அந்தக் கண்ணிமைப்புக்குள் காற்றுத் தம்பம் அசைவு பெற்று, வேகமெடுத்து, சிலிண்டரை நிரப்ப வேண்டும். ஆனால் ஒரு முறை வேகமெடுத்த காற்று எளிதில் நிற்காது. பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தில் கதவு திறந்ததும் முன்னால் போகிறவர் நிற்க நினைத்தாலும் பின்னால் வருகிற கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டே போகுமே, அதுபோலப் பிஸ்டன் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் குழாயில் வருகிற காற்று சிலிண்டருக்குள் தன்னைத் திணித்துக்கொள்கிறது. ஆகவே அதிவேகச் சுற்றில் உள்ளிழு வால்வு தாமதமாக மூடுவது இலாபம்.

அதே தாமதம் மெதுவான சுற்றில் நட்டம். காற்றில் உந்துதல் இல்லாதபோது வால்வைத் திறந்தே வைத்திருந்தால், ஏறி வரும் பிஸ்டன் இப்போதுதான் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும், சிலிண்டர் அரைகுறையாக நிரம்பும், முறுக்குவிசை குறையும். மிதித்தால் சத்தம் கூடுகிறது, கார் நகரவில்லை என்று சொல்கிறோமே, அதன் பின்னணியில் இருக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

வெளியேற்று வால்வுக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. எரிந்த வாயு பிஸ்டனை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே திறந்தால் வேலை வீணாகிறது. தாமதித்துத் திறந்தால் பிஸ்டன் புகையைத் தன் பலத்தால் நெட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பாகையில் இந்த இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகை குறைவு என்பது சுற்று வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இவற்றைவிடச் சுவையானது இரண்டு வால்வுகளும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளை. பட்டறைகளில் இதை ஓவர்லாப் என்பார்கள். உயர்ந்த சுற்றில் வெளியே பாய்ந்து ஓடும் புகை தனக்குப் பின்னால் ஓர் உறிஞ்சலை உண்டாக்கி, புதுக்காற்றை இழுத்து வருகிறது. அங்கே ஓவர்லாப் அதிகம் இருப்பது நல்லது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது நிலைமை தலைகீழ். காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளிழு குழாயில் வெற்றிட இழுப்பு வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் இரு வால்வுகளும் திறந்திருந்தால் புகைதான் உள்ளிழு பக்கம் பாயும். எஞ்சின் இருமும், நடுங்கும், சில சமயம் நின்றும்விடும். பந்தயக் கேம் பொருத்திய கார்கள் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆக, கேம்ஷாஃப்ட் சங்கிலியோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும்வரை, எஞ்சினை வடிவமைப்பவர் ஏதோ ஒரு சுற்று வேகத்தைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். குடும்பக் காருக்கு ஒரு சமரசம், ஓட்டப் பந்தயக் காருக்கு வேறொரு சமரசம். மாறும் வால்வு நேரம் செய்வதெல்லாம் அந்தப் பிணைப்பைத் தளர்த்துவதுதான்.

இதன் வரலாறே என் பக்கம் சாட்சி சொல்கிறது. விற்பனைக்கு வந்த கார்களில் இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டது 1980-ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். திறந்த கூரையுள்ள விளையாட்டுக் கார்தான். ஆனால் அந்த நுட்பம் அதில் இடம்பெற்றது வேகத்தைக் கூட்டுவதற்காக அல்ல. அந்நாட்டின் கடுமையான புகை விதிகளுக்கு உட்பட்டு, நின்ற இடத்தில் அமைதியாக ஓடியபடியே உயர்ந்த சுற்றின் வலிமையையும் இழக்காமலிருக்க அது உதவியது. 1987-இல் நிசான், 1992-இல் வானோஸ் என்ற பெயரில் பிஎம்டபிள்யூ, 1990-களின் நடுப்பகுதியில் விவிடி-ஐ என்ற பெயரில் டொயோட்டா என்று வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவை இரண்டே நிலைகள் கொண்டவை: முன்னால் அல்லது பின்னால். பிந்தியவை இடையில் எந்தப் பாகையிலும் நிற்கக் கூடியவை.

1989-இல் இன்டெக்ராவில் ஹோண்டா கொண்டுவந்த விடெக் வேறொரு வம்சம். அது வால்வின் நேரத்தை நகர்த்துவதில்லை, கேமையே மாற்றுகிறது. ஒவ்வொரு இணை வால்வுக்கும் மூன்று கேம் மேடுகள் உண்டு. குறைந்த சுற்றில் ஓரங்களில் உள்ள சிறிய மேடுகள் வேலை செய்யும். குறிப்பிட்ட சுற்றைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு முளையைத் தள்ளி வால்வுகளை அழுத்தும் கைகளான ராக்கர்களை ஒன்றாகப் பூட்ட, நடுவிலுள்ள உயரமான மேடு ஆட்சிக்கு வரும். 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் அந்நாளில் பெரிய அதிசயம். அந்தப் புகழ் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நான் ஸ்டிக்கர்களைக் குறை சொல்வதன் காரணம் இதுதான்: விடெக் சம்பாதித்த புகழை, அதனோடு நேரடித் தொடர்பில்லாத, அமைதியாகத் தன் வேலையைச் செய்கிற நேர மாற்றிக்கும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டார்கள்.

நம் மலேசியக் கார்களிலும் இந்த இரு வம்சங்களையும் காணலாம். 2004-இல் ஜென்-2 காரோடு வந்த புரோட்டோனின் கேம்ப்ரோ எஞ்சின் நிலையான கேமுடன்தான் தொடங்கியது, 1.6 லிட்டரில் 110 குதிரைத்திறன் தந்தாலும் 2500 சுற்றுக்கு மேல் முறுக்குவிசை சற்றுப் பள்ளத்தில் இறங்கி ஏறுவது ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிறகு வந்த சிபிஎஸ் வகை கேம் மேட்டையே மாற்றும் முறையையும் நீளம் மாறும் உள்ளிழு குழாயையும் சேர்த்து 125 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. 2005-இல் வந்த பெரோடுவாவின் முதல் மைவியோ நேரத்தை நகர்த்தும் முறையை உள்ளிழு பக்கத்தில் மட்டும் கொண்டிருந்தது. 2017-இன் மைவியில் இரு பக்கமும் நகர்கின்றன. கேம் மேட்டை மாற்றும் முறை விளம்பரத்துக்கு அழகு. ஊர் முழுக்க ஓடுகிற சிறிய கார்களில் நிலைத்து நின்றது நேர மாற்றியே.

அந்த நேர மாற்றியைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். கேம்ஷாஃப்டின் முன்முனையில், சங்கிலி ஏறும் பற்சக்கரத்தோடு ஒட்டியபடி, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு தடித்த வட்டப் பெட்டி இருக்கும். வெளிக்கூடு சங்கிலியோடு சேர்ந்து சுற்றும். அதனுள்ளே மூன்று அல்லது நான்கு இறக்கைகள் கொண்ட ஒரு சுழலி கேம்ஷாஃப்டோடு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இறக்கையும் கூட்டின் ஓர் அறைக்குள் அமர்ந்து, அந்த அறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் எண்ணெயைச் செலுத்தி மறுபக்கத்து எண்ணெயை வடியவிட்டால் சுழலி கூட்டைவிடச் சில பாகை முந்திச் செல்லும். மாற்றிச் செலுத்தினால் பிந்தும். இரு பக்கமும் அடைத்துவிட்டால் இருக்கும் இடத்திலேயே நிற்கும். சங்கிலிக்கும் கேமுக்கும் இடையே இரும்பு இணைப்புக்குப் பதிலாக எண்ணெய்ப் படுகை ஒன்று இருக்கிறது என்பதுதான் இதன் சாரம். கிராங்க் கணக்கில் 40 முதல் 60 பாகை வரை நகர்வது சாதாரணம்.

எண்ணெயை எந்தப் பக்கம் விடுவது என்று தீர்மானிப்பது எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வு. கட்டைவிரல் பருமனுள்ள உருளை. அதற்குள் பள்ளங்கள் செதுக்கிய ஒரு மெல்லிய தண்டு. பின்னால் மின்காந்தச் சுருள். எஞ்சினின் கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும், கொடுக்கும் நேர விகிதத்தை மாற்றி, தண்டை வேண்டிய இடத்தில் மிதக்க வைக்கிறது. கிராங்க் எங்கே இருக்கிறது, கேம் எங்கே இருக்கிறது என்று இரண்டு சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி தன் அட்டவணையில் உள்ள இலக்கோடு ஒப்பிட்டு, குறை நிறையைத் திருத்துகிறது. கார் ஓடும் நேரமெல்லாம் இந்தப் பேரம் ஓய்வதில்லை.

எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் அழுத்தம் இருக்காது. சுழலி கட்டுப்பாடின்றி ஆடக்கூடாது. அதற்காக ஒரு சிறு பூட்டு முளை உள்ளிழு பக்கத்து மாற்றியை வழக்கமாக மிகவும் பிந்திய நிலையில் பூட்டி வைக்கிறது. கிளப்பிய பின் அழுத்தம் ஏறியதும் முளை விலகும். வெளியேற்று பக்கத்தில் நிலைமை வேறு: அங்கே பூட்ட வேண்டியது முந்திய நிலையில். கேம்மின் உராய்வோ எப்போதும் அதைப் பின்னுக்கே இழுக்கும். ஆகவே பல எஞ்சின்களில் அந்தப் பக்கத்து மாற்றிக்கு மட்டும் முன்னோக்கி இழுக்கும் ஒரு சுருள்வில்லைச் சேர்த்திருப்பார்கள். இப்படிப்பட்ட சின்ன நுணுக்கங்களில்தான் எனக்குப் பொறியாளர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

இனி இந்தப் பாலத்திலேயே ஒரு பயணத்தைக் கற்பனை செய்யலாம். பிறை பக்கம் சாவடியருகே ஊர்ந்து நிற்கும்போது உள்ளிழு கேம் மிகவும் பிந்திய நிலையில் இருக்கும். ஓவர்லாப் ஏறக்குறைய இல்லை. எஞ்சின் அமைதியாகத் துடிக்கும். நெரிசல் விலகி 80-இல் சீராகப் போகும்போது கார் தன் திறனில் சிறு பகுதியையே பயன்படுத்துகிறது, த்ராட்டில் பாதிக்கும் குறைவாகவே திறந்திருக்கிறது. அந்தக் குறுகிய வாயிலின் வழியே காற்றை உறிஞ்சி இழுப்பதற்கே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. பெட்ரோல் வீணாகும் இடங்களில் இது ஒன்று. இங்கே கணினி உள்ளிழு கேமை முந்தச் செய்து, ஓவர்லாப்பை வேண்டுமென்றே கூட்டுகிறது. எரிந்த புகையில் கொஞ்சம் மீண்டும் சிலிண்டருக்குள் வருகிறது. புகை இடத்தை அடைத்துக்கொள்வதால் அதே வேலைக்கு த்ராட்டிலை இன்னும் அகலத் திறக்கலாம். உறிஞ்சும் சிரமம் குறைகிறது. எரியும் வெப்பத்தின் உச்சமும் தணிவதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. நின்ற இடத்தில் தீமையாக இருந்த அதே ஓவர்லாப், பாலத்தின் நடுவில் நன்மையாகிறது.

தீவுக்குள் இறங்கி, பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, 2000 சுற்றில் முழுமையாக மிதிக்க வேண்டியிருக்கும் சாலை அது. அங்கே கேம் முந்தி நிற்பதால் உள்ளிழு வால்வு சீக்கிரமே மூடிக்கொள்கிறது, உள்ளே வந்த கலவை திரும்பி ஓட வழியில்லை, சிலிண்டர் நிரம்புகிறது. நிலையான கேம் கொண்ட பழைய கார் கியரைக் குறைத்துக் கத்திக்கொண்டு ஏறும் இடத்தில், இது ஒரு கியர் உயர்வாகவே ஏறிவிடும். ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் நினைக்கும் அந்த உச்சச் சுற்று, கேமைத் திரும்பவும் பிந்தச் செய்யும் அந்த நிலை, இந்தப் பயணத்தில் வரவே இல்லை.

தாமதமாக மூடுவதையே முழுநேரக் கொள்கையாக எடுத்துக்கொண்ட எஞ்சின்களும் உண்டு. 1997-இல் வந்த, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட டொயோட்டா பிரியஸ் அட்கின்சன் சுழற்சி எனப்படும் முறையைப் பின்பற்றி, கலவையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே திருப்பி அனுப்புகிறது. அமுக்கும் தூரம் குறைவு, விரியும் தூரம் அதிகம் என்பதால் ஒவ்வொரு துளியிலிருந்தும் கூடுதல் வேலை கிடைக்கிறது. குறைந்த சுற்றில் இழக்கும் முறுக்குவிசையை மின்மோட்டார் ஈடுகட்டுகிறது. இதைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.

இவ்வளவும் ஓடுவது எஞ்சின் எண்ணெயை நம்பித்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எண்ணெய் உராய்வைக் குறைக்கும் திரவம் மட்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. இந்த எஞ்சின்களில் அது வால்வுகளை நகர்த்தும் கையும்கூட. பிறையில் எனக்குப் பழக்கமான பட்டறையொன்றில், பழைய கார் சந்தையில் வாங்கப்பட்ட ஒரு 1.5 லிட்டர் காரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கில் நடுக்கம். எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0011, அதாவது உள்ளிழு கேம் இலக்கைவிட முந்தி நிற்கிறது. காரின் சொந்தக்காரரான இளைஞர் ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிடலாமா என்று கேட்டார். "பிளக்குல ஒண்ணுமில்ல தம்பி, இங்க பாரு," என்று ஃபோர்மேன் அண்ணன் எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வின் ஒற்றை போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் இடுப்பைச் சுற்றியிருந்த மெல்லிய வலையில் பாதிக்கண்கள் கருப்புப் பிசினால் அடைந்திருந்தன. பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தபோது நல்ல வால்வில் 'டக்' என்று கேட்க வேண்டிய ஓசைக்குப் பதிலாகத் தண்டு சோம்பலாக நகர்ந்து, மின்சாரத்தை எடுத்த பிறகும் வழியிலேயே நின்றது. தண்டு முந்தும் நிலையில் சிக்கியதால் நின்ற இடத்திலும் ஓவர்லாப் நீடித்தது. மேலே சொன்ன நடுக்கம் அதனால்தான். எண்ணெய் மூடியைத் திறந்தபோது உட்புறம் முழுவதும் தார் பூசியதுபோல் இருந்தது. முந்தைய சொந்தக்காரர் எண்ணெய் மாற்றுவதில் எவ்வளவு சிக்கனம் காட்டினார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் ஊரில் கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பது போதாது என்பது என் துணிபு. நெரிசலில் நிற்கும் நேரம் மீட்டரில் ஏறாது; எண்ணெயோ அந்த நேரம் முழுவதும் வெந்துகொண்டிருக்கும். எனவே கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்குச் சொல்லியிருக்கும் குறுகிய இடைவெளியையே நான் பின்பற்றுகிறேன். எண்ணெயின் தடிமனும் முக்கியம்: 0டபிள்யூ-20 என்று கையேடு சொல்லும் எஞ்சினில், "நம்ம ஊர் வெயிலுக்குத் தடியான எண்ணெய்தான் நல்லது" என்று யாராவது 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த எஞ்சினில் அந்த நுண்துளைகள் வழியே அது சோம்பி நகரும், கேம் இலக்கைத் தாமதமாகவே எட்டும்.

எண்ணெயின் இந்தப் பலவீனத்தைத் தவிர்க்கவே சில உயர்ரகக் கார்களில் மின்மோட்டாரே கேமை நகர்த்துகிறது. 2006-இன் லெக்சஸ் எல்எஸ் 460-இல் உள்ளிழு பக்கத்தில் இப்படித்தான். எஞ்சின் நின்றிருக்கும்போதும் குளிர்ந்திருக்கும்போதும் அது நகரும். விலையை எண்ணிப் பார்த்தால், நாம் ஓட்டும் சிறிய கார்களில் எண்ணெய்தான் இன்னும் நெடுநாள் ஆட்சி செய்யும் என்று தோன்றுகிறது.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள், இரவு முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் தாங்களே கிளப்பிப் பார்க்க வேண்டும். முதல் ஓரிரு நொடிகள் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஓசை வந்தால், பூட்டு முளை தேய்ந்திருக்கலாம், சங்கிலி நீண்டிருக்கலாம். இரண்டுமே செலவு வைப்பவை. முடிந்தால் ஒரு ஸ்கேனரைச் செருகி, கேமின் இலக்குப் பாகையும் உண்மைப் பாகையும் ஓடும்போது ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றனவா என்று பார்க்கலாம். விற்பவர் நான் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவது என் வழக்கம்.